ஏழு விநாடி

மியூரியல் ட்ரான்டர் ஒரு வாக்கியம் சொன்னால், அதற்கப்புறம் ஏழு விநாடி வாயைத் திறக்கமாட்டாள். ஒலிவாங்கியின் முன்னால் அது அவளுடைய வேலை. கடையிலும் அப்படியே செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது.

"அரை பவுண்டு கேரட் குடுங்க" என்பாள். காய்கறிக்காரர் நிறுத்து, தாளில் சுற்றி, கையில் கொடுக்கப் போகும்போது, "ரெண்டு வெங்காயமும் வேணும்" என்பாள்.

"ரெண்டையும் சேர்த்துச் சொன்னா என்ன மிஸ்? உங்க வாய்க்கும் ரேஷனா?" என்று ஒருநாள் கேட்டார் அவர். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளவே அவளுக்கு நேரமாயிற்று.

அவள் குடியிருந்தது லண்டனின் கில்பர்ன் பகுதியில், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்காரி திருமதி ஆட்ஜர்ஸ் படியில் எதிர்ப்பட்டால், "பேசி முடிச்சாச்சா, இன்னும் பாக்கி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவாள். உறவு என்று சொல்ல கனடாவில் ஒரு சித்தப்பா மகன். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும். அச்சடித்த வாழ்த்தின் கீழே அவன் கையெழுத்து மட்டும் இருக்கும்.

நாற்பத்தேழு வயது. போருக்கு முன் லெஸ்டரில் ஒரு பெண்கள் பள்ளியில் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக் கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. லண்டனுக்கு வந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் வானொலி நிலையத்தார் வெளிநாட்டு மக்களுக்கு வானொலியில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேடினார்கள். தெளிவான குரல், அவசரப்படாத நாக்கு, வீட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லாததால் காலை ஐந்து மணிக்கு வந்து நிற்கத் தோதான ஆள். மூன்றும் அவளிடம் இருந்தன.

ஸ்ட்ராண்ட் தெருவில் நிலையத்தின் பெரிய கட்டடத்து நிலவறையில் ஒலிப்பதிவுக் கூடம். காலை ஆறே காலுக்கு, பதினைந்து நிமிடப் பாடம். இருபத்திரண்டு வாக்கியங்கள். அவள் ஒன்றைச் சொல்வாள், பிறகு சும்மா இருப்பாள். அந்த இடைவெளியில் கேட்பவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நார்வேயில், டென்மார்க்கில், ஹாலந்தில், எங்கெங்கோ. அவள் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். 'ஆசிரியை' என்று மட்டும் அறிவிப்பார்கள். குரலுக்குப் பெயர் தேவையில்லை என்பது நிலையத்தின் வழக்கம்.

இடைவெளி ஏழு விநாடி ஆனதற்கு ஒரு கதை உண்டு. முதலில் அவள் வாக்கியத்தின் நீளத்தைப் பார்த்து, இரண்டு, நான்கு, ஆறு என்று விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் தணிக்கை அதிகாரி கடிகாரத்தோடு கீழே இறங்கி வந்தார்.

"இந்த மௌனமெல்லாம் என்ன கணக்கு?"

"கேக்கறவங்க திருப்பிச் சொல்றதுக்கு சார்."

"ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு. ரெண்டு, ஆறு, நாலுன்னு வருது. நான் ஜெர்மன்காரனுக்கு ரகசியத் தகவல் அனுப்பணும்னா இப்படித்தான் அனுப்புவேன்."

"நான் கோப்பை, தட்டுன்னுதான் சொல்றேன் சார்."

"சொல்றதப் பத்தி எனக்குக் கவலையில்ல. அதுல முத்திரை குத்தியாச்சு. சொல்லாததுல எங்க போய்க் குத்த? எல்லாத்தையும் ஒரே அளவா வைங்க. ஏழு."

ஏன் ஏழு என்று அவர் சொல்லவில்லை. அவரும் யோசித்திருக்கமாட்டார். அன்றிலிருந்து 'இது ஒரு கோப்பை'க்கும் ஏழு, 'மழை பெய்யாதிருந்தால் நாங்கள் தோட்டத்தில் அமர்ந்திருப்போம்' என்பதற்கும் ஏழு.

கண்ணாடிக்கு அப்பால் ஆல்ஃப் பாட்லி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பொறியாளன், கிழக்கு லண்டன்காரன், அறுபதை நெருங்குகிறான். ஏழாவது விநாடியில் விரலைத் தூக்குவான். அவள் அடுத்ததைச் சொல்வாள். அந்த ஏழு விநாடியில் அவள் சும்மா இருக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தலையைச் சற்றே சாய்த்துக் காது கொடுப்பாள். சில சமயம் தலையாட்டுவாள். சில சமயம் உதட்டைச் சுளிப்பாள். எதிரே நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதுபோல.

பாடம் முடிந்து வெளியே வந்ததும், "இன்னிக்கு நல்லா சொன்னாங்களா?" என்று கேட்பான்.

"பரவாயில்ல. ஒன்பதாவதுல கொஞ்சம் தடுமாறினாங்க."

"அடி போட வேண்டியதுதானே."

"கை எட்டாது ஆல்ஃப்."

மூன்று வருடமாக இந்த ஒரே பேச்சு. அந்த நாளில் அவளோடு வேறு யாரும் பேசாமலே போகலாம். அது அவளுக்குப் பெரிய குறையாகப் படவில்லை. காலையிலேயே ஒரு கண்டம் முழுக்க அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது. இதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் நம்பினாள்.

போர் முடிந்தது. கடிதங்கள் வந்தன. 'ஆசிரியை, லண்டன்' என்று மட்டும் எழுதியிருக்கும், வந்து சேர்ந்துவிடும். நன்றி சொன்னார்கள். உங்கள் குரல் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது என்றார்கள். இடைவெளியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

நாற்பத்தாறு செப்டம்பரில் புதிதாக ஒரு தயாரிப்பாளர் வந்தார். ரோலண்ட் ஃபிட்ச், முப்பத்திரண்டு வயது. ராணுவத்தில் தந்திப் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தவர். நல்ல மனிதர்தான். வந்த இரண்டாம் நாள் பழைய பாடம் ஒன்றின் இசைத்தட்டைக் கடிகாரம் வைத்துக் கேட்டார். பிறகு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிஸ் ட்ரான்டர், ஒரு பாடத்துல ரெண்டரை நிமிஷம் ஒண்ணுமே இல்ல. தெரியுமா?"

"அது ஒண்ணுமில்லாத நேரம் இல்ல சார். அவங்க பேசற நேரம்."

"யாரு?"

"கேக்கறவங்க."

"பேசறாங்கன்னு எப்படித் தெரியும்?"

ஏழு விநாடி போயிற்று. ஃபிட்ச் பொறுமையாகத்தான் இருந்தார்.

"என் கவலை இதான். இப்பல்லாம் வானொலிப் பெட்டி வீட்டுக் கூடத்துல இருக்கு. பாரிஸ்ல டான்ஸ் பாட்டு, ஹாலந்துல ஹில்வர்சம் ஸ்டேஷன்ல பேண்டு வாத்தியம். சத்தம் நின்னா நிலையம் படுத்துடுச்சுன்னு நினைச்சு முள்ளத் திருப்பிடறான். அந்த எடத்துல ரெண்டாவது குரல் ஒண்ணு போடலாம்னு இருக்கேன். ஒரு ஆம்பளக் குரல். நீங்க சொல்லுவீங்க, அவர் பதில் சொல்லுவார். வீட்டுல பேசற மாதிரி."

"அப்ப அவங்க எப்ப சொல்லுவாங்க?"

"சொன்னாங்கன்னு வெச்சுக்கிட்டா, அந்த ஆளோடயே சேர்ந்து சொல்லட்டும்."

அவள் பொதுவாக யாரோடும் சண்டைக்குப் போகிறவள் இல்லை. அன்று விடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி இல்லாவிட்டால் அது பாடமே இல்லை, கச்சேரி என்றாள். மூன்று வருடம் குண்டு விழுந்த நாளிலும் அதை அளந்து அளந்து கொடுத்திருக்கிறேன் என்றாள். ஃபிட்ச் கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். பிறகு கடிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

'மதிப்பிற்குரிய ஆசிரியை, நீங்கள் எனக்கு ஆங்கிலம் கற்பித்தீர்கள். நான் இப்போது லண்டனில் இருக்கிறேன். செவிலியர் பயிற்சி பெறுகிறேன். நன்றி. ஹீர்ட்யே ஹூக்ஸ்ட்ரா, ஃப்ரீஸ்லாந்து, ஹாலந்து.'

"இந்தப் பொண்ணு ஹாக்னியிலதான் இருக்கு. கூப்பிடுவோம். பக்கத்து ரூம்ல உக்காத்தி வெப்போம். நீங்க இங்கேர்ந்து பாடம் சொல்லுங்க. ஊர்ல எப்படிக் கேப்பியோ அப்படியே கேளுன்னு மட்டும் சொல்லுவோம். வேற எதுவும் யாரும் சொல்லக் கூடாது. அவ வாயத் தொறந்தா உங்க மௌனம் இருக்கட்டும், நான் தொடமாட்டேன். தொறக்கலேன்னா எடுத்துடறேன். சரியா?"

"சரி" என்றாள் மியூரியல். கொஞ்சமும் தயங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் நன்றாகத் தூங்கினாள். திருமதி ஆட்ஜர்ஸிடம் தானாகவே போய், "வியாழக்கிழமை என்னப் பாக்க ஒரு ஸ்டூடண்ட் வரா" என்றாள்.

"உங்களுக்கு ஸ்டூடண்டா? கண்ணால பாக்கற மாதிரியா?" என்றாள் வீட்டுக்காரி.

மியூரியல் சாம்பல் நிற உடுப்பைத் தேய்த்து வைத்தாள். பாடமாகப் பழையது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எளிய வாக்கியங்கள். திருப்பிச் சொல்லாமல் இருக்க முடியாத வாக்கியங்கள்.

வியாழன் மூன்று மணிக்கு ஹீர்ட்யே வந்தாள். உயரமான பெண், இருபத்து மூன்று வயது, கைகள் மருத்துவமனைச் சோப்பில் சிவந்திருந்தன. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மியூரியல் "வாங்க" என்று ஒரு சொல் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"இது நீங்கள்" என்றாள். "நான் உங்களை இன்னும் உயரமாக நினைத்திருந்தேன்."

ஆல்ஃபுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மிஸ், அப்படியே நீங்கதான்! பொண்ணு புஸ்தகத்த முழுங்கிட்டு வந்திருக்கு."

உண்மைதான். ஏற்றம், இறக்கம், வாக்கிய முடிவில் குரல் தாழும் விதம், எல்லாம் மியூரியலுடையவை. தன் குரல் வேறொருத்தியின் வாயிலிருந்து வருவதை அவள் அன்றுதான் கேட்டாள். வெற்றி உறுதி என்று எண்ணிக்கொண்டாள்.

ஹீர்ட்யேவைப் பக்கச் சுவரின் கண்ணாடிக்கு அப்பாலிருந்த சிறிய அறையில் உட்காரவைத்தார்கள். மேசைமேல் ஒலிபெருக்கி. ஃபிட்ச் சொன்னபடியே சொன்னார்: "உங்க ஊர்ல எப்படிக் கேப்பீங்களோ அப்படியே."

"அப்படியேவா?"

"அப்படியேதான்."

அவள் யோசித்தாள். பிறகு எழுந்து ஒலியைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டு, காதை ஒலிபெருக்கியில் கிட்டத்தட்டப் பதித்துக்கொண்டாள். முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. மியூரியலுக்கு அவளுடைய ஒரு கன்னமும் வாயின் ஓரமும் தெரிந்தன. அது போதும்.

ஆல்ஃப் விரலைத் தூக்கினான்.

"இது என் வீடு" என்றாள் மியூரியல்.

இடைவெளி. ஹீர்ட்யே ஒலிபெருக்கியிலிருந்து காதை எடுத்தாள். தலையை நிமிர்த்தினாள். வாய் மூடியிருந்தது. கண் கதவின் கைப்பிடிமேல் இருந்தது. ஏழாவது விநாடிக்குச் சற்று முன், யாரும் சொல்லாமலேயே, காது திரும்பவும் ஒலிபெருக்கிக்குப் போய்விட்டது.

"வீட்டுக்கு இரண்டு கதவுகள் உண்டு."

அதேபோலத் தலை நிமிர்ந்தது. கதவைப் பார்த்தாள். உதடு அசையவில்லை.

வெட்கப்படுகிறாள் என்று நினைத்தாள் மியூரியல். மூன்றாவதில் சரியாகிவிடும். மூன்றாவதிலும் இல்லை, நான்காவதிலும் இல்லை. யாருக்காகவோ காத்திருக்கிறாளா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? ஆறாவது வாக்கியத்தில் மியூரியல் குரலைச் சற்று உயர்த்திக் கேள்விபோலச் சொன்னாள். அப்படிச் செய்யக் கூடாது. ஃபிட்ச் பார்த்தார், ஆனால் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் கதவைத்தான் பார்த்தாள். மூச்சுகூட விடவில்லைபோல் இருந்தது.

பதினோராவது வாக்கியத்தில் மியூரியலுக்கு நாக்கு பிசகியது. மூன்று வருடத்தில் முதல் முறை. திருத்திச் சொன்னாள். இருபத்திரண்டும் முடிந்தன. இருபத்திரண்டு முறை அந்தத் தலை நிமிர்ந்தது. ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

ஆல்ஃப் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தான். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

நால்வரும் அந்தச் சிறிய அறையில் உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. ஃபிட்ச் வெற்றியைக் காட்டிக்கொள்ளவில்லை. மியூரியல்தான் கேட்டாள்.

"நான் நிறுத்தறப்பல்லாம் நீ கதவப் பாத்தியே. ஏம்மா?"

"ஊரில் கேட்டதுபோலக் கேட்கச் சொன்னார்கள்" என்றாள் ஹீர்ட்யே. "ஊரில் நான்தான் கதவு."

"புரியல."

"எங்கள் அப்பா ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். நாற்பத்து மூன்றில் ஜெர்மன்காரர்கள் வானொலிப் பெட்டிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்பா பழையது ஒன்றைக் கொடுத்துவிட்டு, புதியதை மாவுத் தொட்டியின் அடியில் வைத்தார். மாடியில். காலையில் அவர் ஒரு பக்கம் காது வைப்பார், நான் ஒரு பக்கம். ஆனால் காது வைத்தால் படிக்கட்டு கேட்காது. செய்தி வாசிப்பவர் நிறுத்தவேமாட்டார். செய்தி கேட்பது மிகவும் ஆபத்து. நீங்கள் நிறுத்துவீர்கள். ஏழு எண்ணும் வரை. எப்போதும் ஏழுதான். ஒருமுறைகூட ஆறு இல்லை. அதனால் உங்கள் பாடத்தைக் கேட்பதற்கு அம்மாவும் சம்மதித்தார். நீங்கள் நிறுத்தும்போது நான் படிக்கட்டைக் கேட்பேன்."

"அப்ப திருப்பிச் சொல்றது?"

ஹீர்ட்யேவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "எதை?"

"நான் சொன்னத. வாயத் தொறந்து."

"ஆங்கிலத்தில்? மாடியில்?" அவள் சிரித்தே விட்டாள். பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அடுத்த வீட்டுக்காரர் அவர்களுடைய ஆள். சுவர் மெல்லியது. மன்னியுங்கள். நீங்கள் அதற்காகவா நிறுத்தினீர்கள்? எங்களைப் போன்றவர்களுக்காக நிறுத்துகிறீர்கள் என்று அப்பா சொல்வார். அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது என்பார்."

ஆல்ஃப் மூக்கைச் சிந்தினான்.

"அப்புறம் எப்படி இவ்வளவு நல்லாப் பேசறே?" என்று ஃபிட்ச் கேட்டார்.

"மதியம் சைக்கிளில் ரொட்டி கொடுக்கப் போவேன். டயர் கிடையாது, தோட்டக் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தோம். பெரிய சத்தம் போடும். அணைக்கரையில் காற்றும் உண்டு. அங்கே எல்லாவற்றையும் சொல்வேன். கத்திச் சொல்வேன்."

பிறகு அவளாகவே மியூரியல் பக்கம் திரும்பினாள். "ஒரு காலையில் நீங்கள் நிறுத்தியபோது படியில் காலடி கேட்டது. அப்பா பெட்டியை மாவுக்குள் தள்ளினார். ஒரு சிப்பாய். ரொட்டி கேட்டான், வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதனால் அந்தப் பாடத்தின் முடிவு எனக்குத் தெரியாது. 'என் மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார்' என்று சொன்னீர்கள். மாமா எதற்காக வந்தார்?"

மியூரியலுக்கு அந்தப் பாடம் நினைவிருந்தது. "அவர் வரல" என்றாள். "வர்றார்னு சொல்றதோட சரி. அடுத்த வாக்கியம் குடையப் பத்தி."

"ஓ" என்றாள் ஹீர்ட்யே. சற்று ஏமாந்தவள்போலத்தான் இருந்தாள்.

ஃபிட்ச் தாளில் ஏதோ குறித்தார். ஆல்ஃபுக்குப் பொறுக்கவில்லை.

"சார், இத வெச்சு முடிவு பண்ணிடாதீங்க. பழைய பழக்கத்துல செஞ்சுது பொண்ணு. நீங்கதானே ஊர்ல மாதிரி கேளுன்னீங்க? இப்ப எந்தச் சிப்பாயும் இல்ல. சொல்லும்மான்னா சொல்லப் போகுது."

அது சரியான வாதம். ஃபிட்ச்கூட மெல்லத் தலையசைத்தார். மியூரியல் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே பயமில்லையே. நான் நிறுத்தறப்ப நீ சொல்லலாமே. சொல்லுவ இல்ல?"

ஹீர்ட்யே தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதிலைத் தேடுவதுபோல் இல்லை. சொல்லலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"விடுதியில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கிறது. வந்த முதல் வாரம் உங்கள் பாடத்தை வைத்தேன். மற்றப் பெண்கள் சுற்றி இருந்தார்கள், கதவு திறந்தே இருந்தது. நீங்கள் நிறுத்தினீர்கள். என் கழுத்து திரும்பிவிட்டது. திருப்பாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு பெண் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை." அவள் நிமிர்ந்தாள். "உங்கள் குரல் எனக்குப் பிடிக்கும். நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தால் நான் தினமும் கேட்பேன்."

மூன்று வருடமாகத் தனக்குப் பதில் சொன்ன அந்தக் கூட்டத்தை மியூரியல் அப்போது கடைசியாக ஒருமுறை நினைத்துப்பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டையே கேட்டுக்கொண்டிருந்த ஆட்கள்தான் இருந்தார்கள். அவள் தலையாட்டியதும் உதட்டைச் சுளித்ததும் வெறும் சுவரைப் பார்த்துத்தான்.

"மிஸ் ட்ரான்டர், ஒருத்தர மட்டும் வெச்சு முடிவு செய்யறது நியாயமில்ல" என்றார் ஃபிட்ச். "டேனிஷ்காரங்க, பெல்ஜியம்காரங்கன்னு இன்னும் மூணு நாலு பேரக் கூப்பிட்டுப் பாக்கலாம். எனக்கு ஆட்சேபணையில்ல."

"வேணாம்" என்றாள் மியூரியல். உடனே சொன்னாள். "எடுத்துடுங்க."

"நிச்சயமா?"

"எல்லாத்தையும் எடுத்துடுங்க சார்."

ஹீர்ட்யே ஐந்து மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். வாசல்வரை போய் மியூரியல் கைகொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வரமுடியுமா என்று கேட்க நினைத்தாள். அறையில் இருப்பது ஒரே நாற்காலி என்பது நினைவுக்கு வந்தது. கட்டிலில் உட்காரலாம், அதில் ஒன்றும் குற்றமில்லை. அதை யோசித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் ஃபிட்ச் வேலையைக் கொடுத்தார். இரண்டரை நிமிடத்தை நிரப்பியாக வேண்டும். "புருஷன், பொண்டாட்டி, சாயங்காலம், டீ. பெரிசா ஒண்ணும் வேணாம். வீட்டுல பேசிக்கறத அப்படியே எழுதுங்க. உங்களுக்கு அரை மணி வேலை." புருஷனுடைய குரலுக்கு லயனல் ராக் என்று ஒரு நாடக நடிகரைப் பேசிவைத்திருந்தார். திங்கட்கிழமை காலை முதல் பாடம்.

வெள்ளி மாலை மியூரியல் அறையில் உட்கார்ந்து எழுதினாள்.

'மாலை வணக்கம்.'

'மாலை வணக்கம்.'

'இதோ உங்கள் தேநீர்.'

'நன்றி.'

அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. வீட்டில் இரண்டு பேர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பேசுவார்கள்? அவளுடைய அப்பா சாப்பிடும்போது பேசமாட்டார். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டாள். பள்ளி விடுதியில் சாப்பாட்டு நேரத்தில் பைபிள் வாசிப்பார்கள். ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் அவளிடம் இருந்தன, கோப்பை, தட்டு, குடை, மாமா. ஒன்றுக்கு இன்னொன்று பதிலாக அமையவில்லை. பத்து மணிக்கு விளக்கை அணைத்தாள். தாளில் அந்த நான்கு வரிதான்.

சனிக்கிழமை மதியம் ஆல்ட்விச் பக்கம் ஒரு தேநீர்க் கடைக்குப் போனாள். மழை. உள்ளே ஈரக் கம்பளி வாடை. மூலையில் இருவருக்கான மேசை ஒன்றில் உட்கார்ந்து, குறிப்புப் புத்தகத்தை மடியில் விரித்தாள். பக்கத்து மேசையில் நடுவயதுத் தம்பதி.

"அந்தக் கோட்டக் கழட்டிட்டுத்தான் உக்காரேன்" என்றாள் மனைவி.

"குளிருது."

"குளிருதுன்னா எதுக்கு ஜன்னலோரம் உக்காந்தே?"

"நீதான் இங்க உக்காருன்னே."

"நான் சொல்றதக் கேக்கற ஆளாக்கும் நீ! முழங்கால் எப்படி இருக்கு?"

"எந்த முழங்கால்?"

"உனக்கு எத்தன முழங்கால்?"

மியூரியல் வேகமாக எழுதினாள். அவர்கள் பேசும் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்கவில்லை. மனைவி சர்க்கரைக் கட்டி ஒன்றைத் தேநீரில் போட்டாள், இன்னொன்றைக் கைப்பைக்குள் போட்டாள். நிமிர்ந்தவள் மியூரியலைப் பார்த்துவிட்டாள்.

"என்ன எழுதறீங்க நீங்க?" முகம் வெளுத்துவிட்டது. "ரேஷன் பாக்கற உணவு இலாகாவா? இந்தாங்க, வெச்சுட்டேன், பாருங்க." கட்டி திரும்பவும் தட்டுக்கு வந்தது.

"இல்லம்மா, இல்ல. நான் ரேடியோவுக்கு எழுதறேன்."

ஏழு விநாடி போயிற்று.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ் பாடம்."

தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி சர்க்கரையை மறுபடி பையில் போட்டாள். பிறகு உரக்கச் சிரித்தாள். "கேட்டியா ஜார்விஸ்? உன் முழங்கால் நார்வேக்குப் போகுது!"

"போகட்டும். எனக்கு அதால இங்க ஒரு உபயோகமும் இல்ல" என்றார் அவர்.

"தயவுசெஞ்சு பேசுங்க" என்றாள் மியூரியல். "நிறுத்தாதீங்க. நான் இல்லேன்னு நினைச்சுக்கங்க. எனக்கு இன்னும் ஒண்ணரை நிமிஷம் வேணும்."

அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மனைவி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். கணவர் தொண்டையைச் செருமினார். பென்சில் காத்திருந்தது.

"நீ ஆரம்பி" என்றார் அவர்.

"என்னன்னு?"

"எப்பவும் பேசுவியே."

"எப்பவும் என்ன பேசறேன்?"

அவர் யோசித்தார். அவளும் யோசித்தாள். இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பரீட்சைக்கு வந்தவர்களைப்போல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறியது. கடைசியில் மனைவி கைப்பையை மூடினாள். "மன்னிச்சுக்கம்மா, ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றாள். இருவரும் எழுந்து போனார்கள். வெளியே மழையில் குடையை விரிக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடி வழியே வாய்கள் அசைவது தெரிந்தது. கேட்கவில்லை.

மியூரியல் எழுதியதை எண்ணிப் பார்த்தாள். நேற்றைய நான்கு வரி. இன்றைக்குப் பதினொன்று. இன்னும் வேண்டும். அடுத்த தம்பதி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

தம்பதி வரவில்லை. நனைந்த தொப்பியோடு ஒரு மனிதர் வந்தார். கடை நிறைந்திருந்தது. அவள் எதிரே இருந்த நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"இங்க யாராவது வராங்களா?"

"இல்ல. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தாளின் பின்பக்கத்தில் கால்பந்து முடிவுகள் இருந்தன.

மியூரியல் அவரும் தானும் பேசிய அந்த இரண்டு வரியையும் எழுதிக்கொண்டாள். பாடத்தின் வேகத்தில் படித்தால் ஐந்து விநாடி வரும்.